விரல் தொப்பியும் மஞ்சள் வேட்டியும்

மும்பையில் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் ஆடி தொடங்கித் தை வரை ஏதேனும் ஒரு பண்டிகைக்கான ஆயத்தம் வீடுகளில் நடந்துகொண்டே இருக்கிறது. கோகுலாஷ்டமிக்குக் குழந்தையைக் கண்ணனாக்குவது, நவராத்திரிக் கொலுவுக்கு அக்கம்பக்கத்தாரை அழைக்கச் செல்லும் சிறுமிக்கு ஆண்டாள் கொண்டையிட்டு அனுப்புவது, தீபாவளிக்கு விரல்களில் மருதாணி வைப்பது, பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ஒரே இரவில் கிரீடம் ஒட்டித் தருவது என நீளும் இவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்பவர்கள் கைவேலை எதையும் முறையாகக் கற்றிராதவர்களே. இவற்றுக்குக் கை நேர்த்திதான் முக்கியம் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், புதிதாகத் தொடங்குபவரின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கையைவிடப் பொருளின் தன்மையே ஆகும்.

நகமானாலும் துணியானாலும் அதற்கு நிறம் தர வீட்டில் இரண்டு வழிகளே கையாளப்படுகின்றன. நிறப்பொருளின் மூலக்கூறுகள் உள்ளே ஊறிச் சென்று இழைகளைப் பற்றிக்கொள்வது ஒன்று, இது சாயமேற்றல். நிறத்தைச் சுமந்த மெல்லிய படலம் ஒன்று மேற்பரப்பில் காய்ந்து ஒட்டிக்கொள்வது மற்றொன்று, இது பூச்சு. ஊறும் நிறம் கைநடுக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறது, ஏனெனில் விழுதை மேடுபள்ளமாக அப்பினாலும் உள்ளே செல்லும் சாயம் ஏறத்தாழச் சீராகவே பரவுகிறது. படியும் நிறமோ தூரிகையின் ஒவ்வொரு தயக்கத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்விரு துறைகளின் உயர்கல்வியும் மாட்டுங்காவிலேயே நடைபெறுவது சுவையான பொருத்தம். நகரின் பருத்தி ஆலைகள் செழித்திருந்த காலத்தில், 1933 அக்டோபர் 1 அன்று, நெசவு வேதியியலையும் வேதிப் பொறியியலையும் பாடங்களாகக் கொண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய துறைதான் இன்று அங்கு இன்ஸ்டிடியூட் ஆப் கெமிக்கல் டெக்னாலஜி என்ற பெயரில் இயங்குகிறது. சாயம், இழை, மேற்பூச்சு ஆகிய மூன்றும் அங்கே தனித்தனிப் படிப்புகள்.

தமிழ் வீடுகளில் நகத்துக்கு நிறமேற்றும் முறைகளுள் மிக எளியது விரல் தொப்பி. அரைத்த மருதாணியை விரலின் முதல் கணுவரை மூடும்படி அப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் சில புள்ளிகளும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வடநாட்டுக் கூம்புக் குழல் வேலைப்பாடு பரவிய பின்னர் இது பாட்டிமார் முறை என்று ஒதுக்கப்படுவதுண்டு. நகத்தைப் பொறுத்தவரை அந்த ஒதுக்கல் நியாயமற்றது, ஏனெனில் கூம்பின் கொடிகளும் பூக்களும் பெரும்பாலும் தோலையே அலங்கரிக்கின்றன. நகத்தை முழுமையாகச் சிவக்க வைப்பது தொப்பிதான்.

மருதாணியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். அதன் நிறப்பொருள் லாசோன் என்றழைக்கப்படும் செம்மஞ்சள் நிறச் சேர்மம். உலர்ந்த இலையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே பெறப்படும் இப்பொருள், உயிருள்ள இலையில் சர்க்கரையோடு பிணைந்த நிறமற்ற வடிவில் அடங்கியிருக்கிறது. இலையை அம்மியிலோ மிக்சியிலோ அரைக்கும்போது செல்கள் உடைந்து, அவற்றினுள் இருந்த நொதிகள் அப்பிணைப்பை அறுக்க, விடுபட்ட பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் லாசோனாக மாறுகிறது. நகமும் முடியும் தோலின் மேலடுக்கும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. அப்புரதத்தின் அமினோ தொகுதிகளோடு, அதாவது நைட்ரஜன் அணுவைத் தாங்கிய முனைகளோடு, லாசோன் வேதிப்பிணைப்பு கொள்வதால்தான் அந்நிறம் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசைந்து கொடுப்பதில்லை.

பச்சை இலை கிடைக்காத மாடிக் குடியிருப்புகளில் பொடியே துணை. இந்தியச் சந்தைக்கு வரும் மருதாணியில் பெரும்பங்கு ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதியில் விளைவது. அம்மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொடியில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது இலையில் மிஞ்சியுள்ள சர்க்கரைப் பிணைப்புகளை மெல்ல அறுக்க உதவுகிறது. சிறிது சர்க்கரையோ வெல்லப்பாகோ கலப்பது காற்றின் ஈரத்தை ஈர்த்து விழுதை நெடுநேரம் காயாமல் வைக்கிறது. உலர்ந்த விழுதிலிருந்து சாயம் நகர முடியாது என்பதால் இவ்விரண்டில் சர்க்கரையின் பணியே பெரிதென்று சொல்லலாம். உடல்சூடு மிகுந்தவர்க்கு மருதாணி நன்றாகச் சிவக்கும் என்ற வழக்கில் உண்மை இல்லாமல் இல்லை, வெப்பம் கூடக்கூட வேதிவினை விரைவுபடுவது பொதுவிதியே. கணவனின் அன்புக்கும் சிவப்பின் ஆழத்துக்கும் தொடர்புண்டு என்ற நம்பிக்கைக்கு மட்டும் வேதியியலில் ஆதாரம் இல்லை.

மருதாணியைப் பண்டிகைக்கு முந்தைய இரவில் இடும் வழக்கத்தை ஒரு நாள் முன்தள்ளுவது நல்லது. விழுதை உதிர்த்தவுடன் தெரியும் ஆரஞ்சு நிறம், காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாட்களில்தான் செம்பழுப்பாக ஆழமடைகிறது. அதற்குள் தீபாவளி விடியலில் எண்ணெய், சீயக்காய், வெந்நீர் எல்லாம் அதன்மேல் வந்துவிடுகின்றன. இரண்டு இரவுகளுக்கு முன் இட்டு, காலையில் தண்ணீர் விடாமல் உதிர்த்து, விரல்களில் தேங்காயெண்ணெய் தடவி, அன்று பகலில் கூடுமானவரை பாத்திரம் தேய்க்காமல் இருந்தால் பண்டிகை நாளன்று நிறம் உச்சத்தில் நிற்கும். தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரங்களில் மறைந்துவிட, நகத்தின் சிவப்போ நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நீடிக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது என்பதால், ஆடியில் இட்ட மருதாணி தீபாவளிக்குள் நகத்தின் நுனிப்பகுதிக்கு ஏறிவிட்டிருக்கும். மாதக் கணக்கை நகத்திலேயே அளந்துகொள்ளலாம்.

வடிவம் வேண்டுவோர்க்கும் தொப்பி இடம் தருகிறது. நகத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சிறு பட்டைகளாகவோ நட்சத்திரமாகவோ வெட்டி ஒட்டி, அதன்மேல் விழுதை அப்பினால், நாடா மறைத்த இடம் வெளிறியும் மற்ற இடம் சிவந்தும் அமையும். துணியில் மெழுகை வைத்துச் சாயத்தைத் தடுக்கும் பத்திக் முறையின் தத்துவமே இது. நாடாவுக்குப் பதிலாக நகப்பூச்சில் கோடோ புள்ளியோ வரைந்து உலர்த்தி, மருதாணி இட்டு முடித்தபின் அப்பூச்சைத் துடைத்தெடுத்தாலும் அதே விளைவு கிட்டும். கோட்டை வரையும்போது தவறினால் மருதாணி இடும் முன்பே அழித்து மீண்டும் வரையலாம் என்பதால் புதியவர்க்கு இதைவிடப் பாதுகாப்பான நகவேலை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

கறுப்பு மருதாணி என்ற பெயரில் கடைவீதிகளில் விற்கப்படுவதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மருதாணி இலை எக்காலத்திலும் கன்னங்கறுப்பு நிறம் தருவதில்லை. அரைமணி நேரத்தில் கறுக்கும் விழுதில் பெரும்பாலும் கலந்திருப்பது முடிச்சாயங்களில் பயன்படும் பாரா பினைலீன்டையமின். தோலில் நேரடியாகப் படும்போது இது கொப்புளங்களையும் நெடுங்கால ஒவ்வாமையையும் உண்டாக்கவல்லது. ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் பின்னாளில் சாதாரண முடிச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகும். தூய மருதாணிக்கும் ஒரு விலக்கு உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைபாட்டுடன் பிறந்தவர்களின் சிவப்பணுக்களை லாசோன் சிதைக்கக்கூடும் என்பதால், அக்குறைபாடு கண்டறியப்படாத கைக்குழந்தைகளுக்கு மருதாணி இடுவதைத் தவிர்ப்பதே முறை.

நகப்பூச்சின் கதை வேறு. 1920களில் மோட்டார் கார்களுக்குப் பூசப்பட்ட, விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணங்களின் உறவே இது. 1932இல் ரெவ்லான் நிறுவனம் நிறமிகள் கலந்த, ஒளிபுகாத பூச்சை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் டாட்டா ஆயில் மில்ஸின் கிளையாக 1952இல் பம்பாயில் பிறந்த லக்மே, அயல்நாட்டுப் பூச்சுகளை எதிர்பார்த்திருந்த நடுத்தர வீடுகளுக்கு உள்நாட்டுப் பொருளைக் கொடுத்தது. ஒரு சிறு குப்பிக்குள் படலமாகக் காயும் நைட்ரோசெல்லுலோஸ், அதை நகத்தோடு ஒட்டவைக்கும் பிசின், படலம் விரிசல்படாமல் வளையச் செய்யும் நெகிழ்விப்பான், நிறமி, நிறமி நீங்கலாக மற்றவற்றைக் கரைத்து வைத்திருக்கும் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் ஆகிய கரைப்பான்கள், இவற்றோடு ஒருவகைக் களிமண்ணும் இருக்கிறது. அசையாதிருக்கையில் கெட்டியாகவும் தூரிகையால் இழுக்கையில் நீர்த்தும் நடந்துகொள்ளும் பண்பை அக்களிமண்ணே தருகிறது. நிறமி அடியில் தங்காமலும், பூசிய பூச்சு விரலோரம் வழியாமலும் இருப்பது அதனால்தான்.

புதியவர்கள் செய்யும் பிழை ஒரே தடவையில் தடிமனாகப் பூசிவிடுவது. படலத்தினுள்ளிருந்து கரைப்பான் வெளியேற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது தடிமன் இருமடங்கானால் உலரும் நேரம் நான்கு மடங்காகிறது. ஆகவே ஒரு தடித்த பூச்சைவிட, முதற்பூச்சு நன்றாக உலர்ந்தபின் இடப்படும் இரண்டு மெல்லிய பூச்சுகள் விரைவாகவும் வழவழப்பாகவும் முடியும். முதற்பூச்சு உலரும் முன்பே இரண்டாவதைத் தொட்டால் அதன் கரைப்பான் கீழ்ப்படலத்தை இளக்கி இழுத்துக்கொண்டு போகும். மும்பையின் மழைக்காலம் இங்கே ஒரு தனி இடையூறு. கரைப்பான் ஆவியாகும்போது நகத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. சூலை, ஆகஸ்டு மாதங்களில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் காற்றிலிருந்து அக்குளிர்ந்த பரப்பில் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து பூச்சை வெளிறச் செய்யக்கூடும். மின்விசிறிக்கு நேர்கீழே கையை நீட்டி உலர்த்துவது ஆவியாதலை விரைவுபடுத்திக் குளிர்ச்சியையும் கூட்டுவதால், கோகுலாஷ்டமிக் காலத்தில் பொறுமையே சிறந்த உலர்த்தி.

கோலம் போடத் தெரிந்த கைக்கு நகத்தில் புள்ளி வைப்பது கடினமன்று. கொண்டை ஊசியின் உருண்ட முனையைப் பூச்சில் தொட்டு நகத்தின்மேல் வைத்தால், திரவப்பரப்பு தன் பரப்பளவைக் குறைத்துக்கொள்ள முயலும் இயல்பால், அதாவது பரப்பிழுவிசையால், ஒவ்வொரு துளியும் தானே வட்டமாக அமைந்துகொள்ளும். மூன்று புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு புள்ளி என்று அடுக்கினால் கட்டைவிரல் நகத்தில் ஒரு முக்கோணக் கோலம் அடங்கிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் பலநிறப் பூச்சுகளைச் சொட்டி, வளையங்களாக விரியும் அவற்றில் நகத்தைத் தோய்த்தெடுக்கும் பளிங்கு முறையும் இதே விசையின் வேலைதான். தண்ணீரின் இழுவிசை பூச்சுக் கரைப்பானுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால் சொட்டு இழுபட்டுப் பரவுகிறது. பார்க்க அழகான இம்முறையைத் தொடக்கத்திலேயே முயல்வது வீண்செலவு, மேலே மிதக்கும் படலம் சில நொடிகளிலேயே தோலாகக் காய்ந்து கெட்டுவிடும்.

பத்துக்குப் பத்து அறையில் சமையலும் பூசையும் அலங்காரமும் ஒருங்கே நடக்கும் தாராவி வீடுகளில் நகப்பூச்சின் உண்மையான ஆபத்து நெருப்பு. ஒரு திரவத்தின் ஆவி, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எழத் தொடங்கும் வெப்பநிலை, நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிட்டோனுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் அளவிலும், எத்தில் அசிட்டேட்டுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 4 பாகையிலும் அமைந்துள்ளது. மும்பையின் எந்தப் பருவத்திலும் இவை பற்றக்கூடிய நிலையிலேயே இருக்கின்றன என்பது இதன் பொருள். இவ்விரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானவையாதலால் மேலெழுந்து கலைந்துபோகாமல் தரையையொட்டிப் பரவுகின்றன. அகல்விளக்கு தரையில்தான் இருக்கிறது.

துணிக்கு வந்தால், கண்ணனின் மஞ்சள் ஆடையே கற்றுக்குட்டிகளுக்கு ஏற்ற முதற்பாடம். கடையில் வாங்கும் பளபளத்த வேட உடைகள் பெரும்பாலும் நைலான் வலையும் பாலியஸ்டரும் கலந்தவை. வீட்டிலுள்ள பழைய வெள்ளை வேட்டியை மூன்று முழம் கிழித்து, மஞ்சள்பொடி கரைத்துக் காய்ச்சிய நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அதைவிட மங்கலமான நிறம் கிடைக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினுக்குப் பருத்தியோடு இயல்பான பற்று உண்டென்பதால் வேறு துணைப்பொருள் கட்டாயமில்லை, எனினும் முன்னதாகப் படிகாரக் கரைசலில் நனைப்பது பிடிப்பைக் கூட்டும். சாயத்துக்கும் இழைக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைக்கும் இத்தகைய உப்புகளை நெசவு வேதியியலார் நிறமூன்றிகள் என்பர். குர்குமின் வெயிலில் வெளுக்கும், காரத்தில் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் பிறப்பதும், மஞ்சள் கறைமேல் சோப்புப் பட்டால் செந்நிறமாவதும் இப்பண்பினால்தான். உலர்ந்த மஞ்சள் துணியின் விளிம்பில், தோலில் படாத ஓரத்தில், சலவைச் சோடாக் கரைசலைத் தூரிகையால் தீற்றினால் ஒரு மாலைப்பொழுதுக்குச் செங்கரை கிடைக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் அது மீண்டும் மஞ்சளாகிவிடும் என்பதைக் குழந்தைகளே செய்து பார்க்கலாம்.

பருத்தி எரியாது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு துணி தொடர்ந்து எரியத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆக்சிஜன் விகிதத்தை அளக்கும் முறையில் பருத்திக்கு ஏறத்தாழ 18, பாலியஸ்டருக்கு 21, கம்பளிக்கு 25 விழுக்காடு தேவைப்படுகின்றன. காற்றிலிருப்பது 21 என்பதால், கணக்கின்படி பருத்தியே எளிதில் எரிவது. ஆனால் பாலியஸ்டர் சுமார் 260 பாகையில் உருகி, சொட்டி, தோலோடு ஒட்டிக்கொள்வதால் அதனால் வரும் தீக்காயம் ஆழமானது. இழையைக் காட்டிலும் நெசவும் தையலும் கவனிக்கத்தக்கவை. அடர்ந்து நெய்த, உடலோடு ஒட்டிய உடை தயங்கியே பற்றும், காற்று ஊடாடும் நைலான் வலையும் தொங்கும் கைகளும் நொடியில் பற்றும். தாராவியின் தையல் கூடங்களில் கழிவாகும் வெட்டுத்துணிகளைக் கொண்டு வேடம் தைப்போர், ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தே இழையை அறியலாம்: காகிதம் எரியும் மணமும் சாம்பலும் பருத்தி, முடி கருகும் நாற்றம் பட்டு அல்லது கம்பளி, உருகிக் கெட்டிமணியாக உறைந்தால் செயற்கை இழை. பட்டுப்பாவாடை என்று விலை கொடுத்து வாங்கியது உண்மையில் என்ன என்பதும் இச்சோதனையில் தெரிந்துவிடும்.

கிரீடத்துக்குத் தெர்மாகோலை நாடுவது பழைய பழக்கம். பாலிஸ்டைரீன் என்ற அந்நுரைப்பொருள் அசிட்டோனிலும் எத்தில் அசிட்டேட்டிலும் கரையக்கூடியது. மின்னும் என்று நினைத்து நகப்பூச்சைத் தடவினால் கிரீடம் கண்ணெதிரே குழிவிழுந்து இளகிப்போகும். அலங்காரத்துக்கான தெர்மாகோல், 2022 சூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றும்கூட. பழைய அட்டைப்பெட்டியும் மும்பையில் 1959இல் அறிமுகமான பெவிகாலும் போதும். பாலிவினைல் அசிட்டேட் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் இவ்வெள்ளைப் பசை, நீர் அட்டைக்குள் உறிஞ்சப்பட்டபின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒளிபுகும் படலமாவதால் ஒட்டுகிறது, ஆகையால் மழைநாளில் ஒட்டியதை ஓர் இரவாவது அழுத்தி வைக்க வேண்டும். கிரீடத்தில் செருகும் மயிற்பீலியை மட்டும் வண்ணத்தால் போலிசெய்ய இயலாது. அதன் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவையல்ல, ஒளியின் அலைநீளத்துக்கு ஒத்த இடைவெளியில் அடுக்கப்பட்ட நுண்ணிய மெலனின் கோல்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுபவை.

நகப்பூச்சுக்கும் வேட உடைக்கும் ஒரு நல்லுறவும் உண்டு. வெட்டிய நாடாவின் நுனியும் சரிகையின் முனையும் பிரியாமலிருக்க நிறமற்ற நகப்பூச்சை ஒரு துளி தொட்டு வைத்தால் இழைகள் ஒன்றாக இறுகிவிடும். தையல் தெரியாதவர்க்கு இது பேருதவி. மொத்தத்தில், முதன்முறையாகச் செய்பவர் நகத்துக்கு மருதாணித் தொப்பியையும் துணிக்கு மஞ்சளையும் எடுத்துக்கொண்டு, பூச்சையும் மினுக்கையும் ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே தக்க தேர்வு. நகப்பூச்சும் அசிட்டோனும் பகலில், சன்னல் திறந்த நிலையில் கையாளப்பட்டு, குப்பிகள் மூடி அப்புறப்படுத்தப்பட்ட பின்னரே அடுப்போ அகலோ ஏற்றப்பட வேண்டும். வேடமிட்ட குழந்தை புகைப்படம் எடுத்து முடித்ததும் வலைத்துணியைக் களைந்து, இறுக்கமான பருத்தி உடைக்கு மாறிய பிறகே மத்தாப்பைக் கையில் கொடுக்க வேண்டும்.